கரைந்து போன பாதாம்

அத்தியாயம் 5

"நாலாவது கேக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு, மருமகளே," என்றார் மாமா. "ஆனா முந்தின மூணை விட இது கொஞ்சம் நிம்மதியா போயிருக்கு. முகத்துல அவ்வளவா வெடிப்பு இல்ல."

ஊசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தும்மல்தான் வந்தது.

ஊசி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும் என்பதால் யாரோ கிண்டலாகச் சொல்லப் போய், கடைசியில் அவளுடைய துப்பறியும் அலுவலகத்தின் பலகையிலேயே ஏறிவிட்டது. மாமா அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மாமி பாத்திரம் துலக்கச் சொல்கிறாள் என்று அக்காள் மகளிடம் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். கார் ஓட்டுவார், சாட்சிகளிடம் பேச்சுக் கொடுப்பார், கேட்காத நேரத்தில் கருத்துச் சொல்வார்.

இப்போது இருவரும் நின்றிருந்தது ஒரு பேக்கரியின் பின்பக்கச் சமையற்கூடத்தில். நீளமான தகர மேசை மேல் நான்கு கேக்குகள் வரிசையாக நடுப்பள்ளம் விழுந்து கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம், கன்னத்தில் மாவு அப்பிய முகத்தோடு பேக்கரிக்காரரின் மருமகன் நின்றிருந்தார். போன மாதம் வரை டயர் விற்றுக்கொண்டிருந்தவர். அந்த வேலைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறவர் போலத் தெரிந்தார்.

"ருசி எப்படி இருக்கு மாமா?" என்று ஊசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"முதல் கேக்கையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க."

"அதுவும் நல்லாத்தான் இருந்தது. நாற்பது வருஷம் உங்க மாமி சமையல் சாப்பிட்ட நாக்கு. இதுகிட்ட நியாயம் எதிர்பார்க்கலாமா?"

அதுதான் ஊசிக்கு எரிச்சல். சளி பிடித்து மூக்கு அடைத்துக்கிடந்தது. மூக்கு அடைத்தால் நாக்கும் செத்துவிடும். ருசியில் பாதிக்கு மேல் வாசனைதான். தொண்டைப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனையை எடுத்துவிட்டால் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு என்று மொட்டையாக ஏதோ மிஞ்சும். காதும் சேர்ந்து அடைத்திருந்தது. யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவது போலக் கேட்டது. ருசி சம்பந்தப்பட்ட வழக்குக்கு இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறோமே என்று தன் மேலேயே கடுப்பாக இருந்தது.

கதவைத் திறந்த பெரியவர் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். பேக்கரியை ஆரம்பித்தவருடைய மூத்த மகன் அவர். கல்லா அவர் கையில். சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பேனா எப்போதும் குத்தி நிற்கும். வரவு பில்லில் எழுத்துப் பிழை இருந்தால்கூடச் சுழித்துத்தான் திருப்பி அனுப்புவார்.

"உள்ள வாங்களேன்," என்றாள் ஊசி.

"வரமாட்டேன். காசைத் தொட்ட கை மாவைத் தொடக் கூடாதுன்னு எங்கப்பா உத்தரவு. சின்ன வயசுலேர்ந்தே இந்தப் படியைத் தாண்டினதில்ல." அவர் கழுத்தை நீட்டி நாலாவது கேக்கைப் பார்த்தார். "பாருங்க, பாதாம் எல்லாம் அடியில போய்க் கெட்டியா உட்கார்ந்திருக்கு. எங்கப்பா கேக்குல பாதாம் இருக்கும், ஆனா கண்ணுல படாது. அப்படியே கரைஞ்சு போயிருக்கும். அந்த வித்தையைத்தான் அவ மறைக்கிறா."

அவள் என்பது அவருடைய இறந்து போன தம்பியின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். மாமனார் போன பிறகு அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு.

விஷயம் இவ்வளவுதான். குடும்பத்துச் சமையல் குறிப்புகளை அடுத்த தலைமுறைக்காகப் புத்தகமாக அச்சடிக்க முடிவு செய்தார்கள். பெரியவரின் அப்பா கைப்பட எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சின்னவள் கணினியில் தட்டிக் கொடுத்தாள். புத்தகம் வந்தது. மகளைக் கட்டிய மருமகனையும் தொழிலில் இறக்கலாம் என்று பெரியவர் அவரைப் புத்தகமும் கையுமாக நிறுத்தினார். கடைக்கு உயிரே பாதாம் கேக், அதிலிருந்தே தொடங்கினார்கள். அதிலேயே குப்புற விழுந்தார்கள். மற்றக் குறிப்புகளை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

சின்னவள் செய்தால் வருகிறது. அவள் தட்டிக் கொடுத்ததைப் பார்த்துச் செய்தால் வரவில்லை. ஆகவே, வேண்டுமென்றே எதையோ விட்டிருக்கிறாள். பெரியவர் இப்படித்தான் கணக்குப் போட்டார்.

"சாயங்காலம் வீட்டுல எல்லாரும் உட்காரப் போறோம்," என்றார் இப்போதும். "அதுக்குள்ள அவ உண்மையைச் சொல்லலைன்னா அடுப்படிப் பூட்டை மாத்திடுவேன். மாடி வீட்டையும் காலி பண்ணிக்கட்டும். கூட இருந்தே குழி பறிக்கறவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் போனதும் மருமகன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், ரெண்டாவது கேக்குக்கு நான் பாதாமைப் பொடி பண்ணிக்கூடப் போட்டேன். செங்கல் மாதிரி வந்துச்சு."

"செங்கல்னு குறைச்சுப் பேசாதீங்க தம்பி," என்றார் மாமா. "செங்கல்ல வீடு கட்டலாம்."

ஊசி கையெழுத்துப் பிரதியையும் அச்சுப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தாள். காலையில் இருந்து எத்தனையாவது முறையோ. மாமா கையெழுத்தை வாசிக்க, அவள் அச்சில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பெரியவரின் அப்பா சொல்லை விரயம் செய்யாத மனிதர். சாமான் பட்டியல் மொத்தமே ஒரு வரி. புள்ளி இல்லை, கோடு இல்லை, மூச்சு விடாமல் எழுதியிருந்தார்.

கப் மாவு கப் சர்க்கரை கப் பாதாம் அரை கப் வெண்ணெய் நாலு முட்டை

அதன் கீழே கலக்கும் முறை, சூடு, நேரம். அச்சிலும் அதே சொற்கள்தான்.

"ஒரு எழுத்து மாறல," என்றார் மாமா. "ஒரு கொம்பு, ஒரு சுழி மாறல. அந்தப் பொண்ணு நேர்மையா தட்டியிருக்கு."

"அப்ப கேக்கு ஏன் மாமா விழுது?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும். நாலும் இங்கதான் இருக்கு."

ஊசி புத்தகத்தை மூடினாள். கொஞ்சம் பலமாகவே மூடினாள்.

*

மாடி வீட்டில் கதவு திறந்தே இருந்தது. கூடத்தின் நடுவில் பாதி அடுக்கிய பெட்டி. சுவர் ஆணியில் இருந்த படத்தைக் கழற்றிப் புடவைக்கு நடுவே வைத்திருந்தாள் சின்னவள்.

"உட்காருங்க," என்றாள். "நாற்காலியை இன்னும் கட்டல."

குரலில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அழுது முடித்த குரல் என்று ஊசிக்குத் தோன்றியது.

"நேரா கேக்கறேன். குறிப்புல எதை விட்டீங்க?"

"எதையும் விடல."

"எதையாவது சேர்த்தீங்களா?"

"இல்ல."

"பாதாமை எப்படிக் கரைக்கறீங்க?"

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாதாமை யாராவது கரைப்பாங்களா மேடம்? அது என்ன உப்பா?"

"அப்ப, கேக்குல ஏன் கண்ணுக்குத் தெரியறதில்ல?"

"குறிப்புல இருக்கற மாதிரி செஞ்சா தெரியாது."

"குறிப்புல இருக்கற மாதிரிதான் செஞ்சாங்க. தெரியுது."

"அப்ப செஞ்சவங்களைப் போய்க் கேளுங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். "அம்மா, இவ போலீஸ் மாதிரி கேக்கறாளேன்னு நினைக்காதீங்க. சளி. நல்லா இருந்தா இதை விட மோசமா கேப்பா."

சின்னவளின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. உடனே அடங்கிவிட்டது.

"அச்சான புத்தகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் ஊசி.

"எங்கே பார்க்க? புத்தகம் வந்த மறுநாளே என்னை அடுப்படிக்கு வர வேணாம்னுட்டாங்க. எனக்குப் புத்தகமே தேவையில்ல. மனசுல இருக்கு."

"சொல்லுங்க, கேக்கலாம்."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போல ஒரே குரலில் அந்த வரியைச் சொன்னாள். சொல்லும்போதே விரல் முட்டியால் மேசையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். ஊசியின் அடைத்த காதில் வார்த்தைகள் குழைந்து விழுந்தன. அதே சொற்கள், அதே வரிசை. புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கை சும்மா இருக்கவில்லையே என்பதை மட்டும் கவனித்தாள். பதற்றம். மறைக்கிறவர்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது கைதான்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"மாமனார்கிட்ட. கல்யாணமாகி வந்த புதுசுல பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லித் தருவார். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லணும். எழுதினதைப் பார்க்கவே விடமாட்டார். அவருக்கு அவங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்களாம். தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டே அதை எழுதி வச்சாராம். வேலையை விட்டுட்டு பேக்கரி வச்சப்புறமும் வேற மாதிரி எழுத வரலைன்னு சொல்லிச் சிரிப்பார்." அவள் நிறுத்தினாள். "நான் போறதுக்குப் பயப்படல மேடம். திருடின்னு பேரெடுத்துட்டுப் போகணுமேன்னுதான் இருக்கு."

படி இறங்கும்போதே ஊசி யோசித்தாள். எல்லாரும் உண்மையே சொல்கிறார்கள். பொய் சொல்கிற வழக்கு எவ்வளவோ மேல். பொய்யில் எங்காவது ஒரு நூல் பிசிறிக்கொண்டு நிற்கும், பிடித்து இழுக்கலாம். நாலு பேர் நாலு உண்மையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எதைப் பிடித்து இழுப்பது?

"பேசாம கேக்கைக் கைது பண்ணிடலாம்," என்றார் மாமா.

"மாமா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வாங்க."

"வர்றேன். ஆனா வழியில காப்பித்தூள் வாங்கணும். மறந்தா உங்க மாமி என்னைக் கைது பண்ணிடுவா."

*

காப்பிக்கொட்டைக் கடையில் கூட்டம். வறுத்த கொட்டையின் வாசனை தெருமுனை வரைக்கும் வருமாம். ஊசிக்கு எதுவும் வரவில்லை. அவள் வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டை ஒரு கிலோ அரை," என்று மாமா கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

கடைக்காரர் எடை போட்டார், பையில் கட்டினார், நீட்டினார். மாமா பையை அமுக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது? கொட்டையாவே கட்டிட்ட. கனமும் ஜாஸ்தியா இருக்கு."

"ஒன்றரை கிலோ சார். நீங்கதானே ஒரு கிலோ அரைன்னு சொன்னீங்க?"

"அரைன்னா அரைக்கச் சொன்னேன்யா. மிஷின்ல போட்டு அரை."

"அப்ப ஒரு கிலோன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அரைன்னு சொல்லணும் சார். நீங்க மூச்சு விடாம சொன்னா நான் எதுன்னு எடுத்துக்கறது?"

"மூச்சு விடறதுக்கெல்லாம் உன்கிட்ட வந்து பாடம் படிக்கணுமா?"

ஊசியின் கைக்குட்டை மூக்கருகிலேயே நின்றுவிட்டது.

"மாமா," என்றாள். "இங்க வாங்க."

"இரு, இவன்கிட்ட ஒரு கேள்வி பாக்கி..."

"விடுங்க அவரை. அவர்தான் இன்னிக்கு வழக்கைக் கண்டுபிடிச்சது." அவரைக் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப் போனாள். "சின்னவங்க குறிப்பைச் சொல்லும்போது மேசையைத் தட்டினாங்களே. எப்படித் தட்டினாங்க? ஞாபகம் இருக்கா?"

மாமா அவளை விநோதமாகப் பார்த்தார். ஆனால் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லக்கூடிய லாரிக்காரக் காது அது. இன்ஜின் மூடி மேல் விரல் முட்டியை வைத்தார்.

"கப் மாவு." டொக். "கப் சர்க்கரை." டொக். "கப் பாதாம் அரை." டொக். "கப் வெண்ணெய்." டொக். "நாலு முட்டை." டொக்.

சொல்லி முடித்தவர் தன் முட்டியையே பார்த்தார். "அட," என்றார் மெதுவாக. "கப் பாதாமை அரைக்கணும். வெண்ணெய் அரை கப் இல்ல. முழு கப்."

ஊசி தலையாட்டினாள். காலையில் இருந்து முதல் முறையாக அவளுக்குச் சளி மறந்துபோயிருந்தது.

எவ்வளவு சின்ன விஷயம் என்று நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடியது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. 'ஒரு' என்பதை எழுதினால் அது ஒரு சொல். ஆகவே ஒரு கப் என்பது வெறும் கப்பாயிற்று. அந்தப் பழக்கத்திலேயே, அரைக்கவும் என்பது அரை ஆனது. எங்கே நிறுத்துவது என்பதைத் தாளில் எழுதாமல், சொல்லிக்கொடுக்கும்போது முட்டியால் தட்டிக் காட்டினார் மனிதர். தந்திக் கருவியைத் தட்டிப் பழகிய கை. தாய் சொன்னதை மகன் எழுதினான். மருமகளுக்கு அதைத் தட்டிக் கொடுத்தான். அந்தத் தட்டல் படியைத் தாண்டி வராத மூத்த மகனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

நிறுத்தம் ஒரு சொல் முன்னே நகர்ந்ததும் கேக் இரண்டு விதமாகக் கெட்டது. முழுப் பாதாம் கனமானது. சூட்டில் வெண்ணெய் முதலில் உருகும், முட்டை பிறகுதான் இறுகும். அந்த இடைவெளியில் கலவை இளகிக் கிடக்கும்போது பாதாம் சேற்றில் கல் போல அடிக்குப் போய்விடும். அரைத்துப் போட்டால் தூள் காற்றுக்குமிழிகளுக்கு இடையே சிக்கி அங்கேயே நிற்கும். ஆனால் பாதாம் தூள் ஈரத்தையும் இழுக்கும். வெண்ணெய் பாதியாகக் குறைந்திருந்தால் இறுகிப் போகும். மருமகன் பொடி பண்ணியும் செங்கல் வந்தது அதனால்தான். ஒரு தவற்றை மட்டும் திருத்தினார். மற்றது அப்படியே இருந்தது.

"இருந்தாலும் ஒரு சந்தேகம்," என்றார் மாமா. "அந்தம்மா தட்டினதுதான் சரின்னு எப்படிச் சொல்றது? பெரியவர் கேப்பாரே."

ஊசி கைப்பையில் இருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புரட்டினாள். "இங்க பாருங்க. பாதி எலுமிச்சை. பாதி கரண்டி உப்பு. பாதி கப் பால். புத்தகம் முழுக்க எங்கயாவது பாதிக்கு அரைன்னு எழுதியிருக்காரா? இல்ல. ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வந்தா தந்தி தப்பாப் போயிடும்னு தெரிஞ்ச மனுஷன். அவர் அரைன்னு எழுதினா அரைக்கணும்."

"அப்ப தப்பு எங்க நடந்தது? எழுத்துதான் மாறலையே."

"எழுத்து மாறல மாமா. காலையிலேர்ந்து எழுத்தைத்தான் பார்த்தோம்." அவள் அச்சுப் புத்தகத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

கப் மாவு, கப் சர்க்கரை, கப் பாதாம், அரை கப் வெண்ணெய், நாலு முட்டை.

"கமா," என்றார் மாமா. "எறும்பு மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருந்ததை யாரு கவனிச்சா?"

*

அச்சகக்காரர் மைக்கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

"கமா நாங்களா போடறதில்ல மேடம். பக்கத்தை முதல்ல ஒரு தாள்ல எடுத்துக் கொடுப்போம். பிழை பார்க்கறவங்க ஓரத்துல குறிச்சுத் தருவாங்க. குறிச்சபடி மாத்திட்டு அச்சுக்கு விடுவோம். அந்தத் தாளை எறியமாட்டோம். பின்னால சண்டை வந்தா காட்டணுமே."

"சண்டை வந்தாச்சு," என்றார் மாமா.

காகிதக் கட்டு ஒன்றிலிருந்து உருவிய தாளில் சின்னவள் தட்டிய வரி கறுப்பில் இருந்தது. கமா இல்லை, புள்ளி இல்லை. மாமனார் எழுதிய மாதிரியே. அதன் நடுநடுவே யாரோ கமாக்களை வரிசையாகக் குத்தியிருந்தார்கள். எல்லாம் சிவப்பு மை.

*

சாயங்காலம் சமையற்கூடத்துக்கு வெளியே, கடையின் உள்ளறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவர், அவருடைய மனைவி, மருமகன். கதவோரமாக, தோளில் பையோடு சின்னவள். அவள் உட்காரவில்லை. சுவரை ஒட்டிப் புதுப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன.

ஊசி ஒரு தட்டைப் பெரியவர் முன்னால் வைத்தாள். அதில் ஐந்தாவது கேக்கின் ஒரு துண்டு. பெரியவர் சந்தேகத்தோடு கிள்ளி வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"கரைஞ்சிருக்கு," என்றார்.

"அரைஞ்சிருக்கு," என்றார் மாமா.

"யார் செஞ்சது? இவளா?"

"நான் செஞ்சேன் மாமா," என்றார் மருமகன். அவர் முகத்தில் டயர்க் கடை போன இடம் தெரியவில்லை. "அதே குறிப்புதான். கமாவை மட்டும் ஒரு சொல் தள்ளி வச்சேன்."

ஊசி தட்டலையும் பாதியையும் அரையையும் விளக்கினாள். பிறகு சிவப்பு மைத் தாளை மேசை மேல் விரித்தாள். யாருடைய சிவப்பு மை என்று அவள் சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே சட்டைப்பைக்குத்தான் போனது.

பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"நிறுத்தக்குறியே இல்லாம இருந்தது," என்றார். "நாலு பேர் கையில போற புத்தகம். படிக்காத குடும்பம்னு நினைக்கக் கூடாதேன்னு... நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடல."

"அவங்களும்தான் தொடல," என்றாள் ஊசி. "நீங்க எழுத்தைத் தொட்டிருந்தா நான் காலையிலேயே கண்டுபிடிச்சுட்டு வீட்டுல போய்ப் படுத்திருப்பேன்."

பெரியவரின் மனைவி எழுந்து சின்னவளின் கையைப் பிடித்தாள். "சரிடி, ஏதோ நடந்து போச்சு. பையை உள்ள வை."

சின்னவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பையையும் இறக்கவில்லை.

"அக்கா, அத்தான் கமா போட்டதுக்கு எனக்குக் கோபமில்ல. யார் வேணாலும் போட்டிருப்பாங்க. கேக்கு வரலைன்னதும் படியிலேர்ந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஏம்மா, எனக்கு வரலையே, என்ன பண்ணணும்னு. ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும். அதைக் கேக்காம, துப்பறியறவங்களைக் கூப்பிட்டாங்க." அவள் ஊசியைப் பார்த்தாள். "உங்களைச் சொல்லல மேடம்."

"எங்களையும் சொல்லலாம்," என்றார் மாமா. "நாங்களும் கேக்கலையே. எதை மறைச்சேன்னுதானே கேட்டோம்."

ஊசிக்கு அது சுருக்கென்று குத்தியது. எவ்வளவோ கேள்விகள் கேட்டாள். எப்படிச் செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்று ஒரு முறை கேட்கத் தோன்றவில்லை.

பெரியவர் எழுந்தார். சமாதானமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் புத்தகக் கட்டு ஒன்றை அவிழ்த்து, மேல் புத்தகத்தை எடுத்துப் பாதாம் கேக் பக்கத்தைத் திறந்து, பேனாவைக் கழற்றி, பாதாமுக்குப் பின்னால் இருந்த கமாவை அடித்தார். அரைக்குப் பின்னால் ஒன்று போட்டார். அடுத்ததை எடுத்தார். அதிலும் அடித்தார். மருமகன் உதவிக்குக் குனிந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

சின்னவள் வாசலுக்குத் திரும்பினாள்.

மூன்றாவது புத்தகத்தில் பெரியவரின் பேனா நின்றுவிட்டது. காற்றில் பக்கம் புரண்டு வேறொரு குறிப்பு திறந்திருந்தது. அவர் போட்ட கமா அதிலும் இருந்தது: கப் பாலாடை, கடை வெண்ணெய் எடு. அவர் கமாவின் மேல் பேனாவை வைத்தார், எடுத்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதிலும் கமா, அதற்கடுத்ததிலும் கமா. புத்தகம் முழுக்க அவர் கைவரிசை.

"ஏம்மா," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சின்னவள் நின்றாள்.

"இதுல கடைன்னு இருக்கே. கடையில வாங்கற வெண்ணெயா? இல்ல, பாலாடையைக் கடையணுமா?"

தும்மல் வந்தது ஊசிக்கு. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டாள்.

"கடையணும்," என்றாள் சின்னவள் வாசலில் இருந்தே.

அவர் கமாவை அடித்தார். பக்கத்தைப் புரட்டினார். "இது?"

"தெரியல. இங்கேர்ந்து எழுத்து தெரியல."

"உள்ள வந்து பாரேன்."

சின்னவள் உடனே வரவில்லை. தோளில் இருந்த பையின் வாரை ஒரு முறை சரிசெய்துகொண்டாள். பிறகு அதைக் கழற்றி, போகிற வழியில் இடறாதபடி சுவரோரமாக வைத்துவிட்டு, அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.